கைப்பிடிக்கு அளவெடுத்த பன்னீர்செல்வம்

பெண்டாட்டியை வெளியூர் போகவிடாமல் கட்டிப்போட ஒரு புதுச் சமையலறை போதும் என்று பன்னீர்செல்வம் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கையில் தேநீர், தட்டில் வாழைக்காய் பஜ்ஜி. பெரிய முடிவுகள் எல்லாம் அவருக்கு வயிறு நிறைந்திருக்கும்போதுதான் வரும்.

அன்றைக்குத்தான் சந்திரமதிக்குக் கடிதம் வந்திருந்தது. போர்ட் பிளேரில் தமிழ்வழிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். இப்போது தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு. ஆனால் பஸ்ஸில் ஒரு பகல் தூரத்தில், மாயாபந்தரில். இரண்டு வருடம். சம்மதமா இல்லையா என்று ஒன்றரை மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படி வந்ததுண்டு. ஒரு தடவை டிக்லிபூர், ஒரு தடவை கார் நிக்கோபார். இரண்டு தடவையும் பன்னீர்செல்வம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப என் சாப்பாடு?" அந்தக் கேள்விக்கு முன்னால் இரண்டு பதவி உயர்வு செத்து விழுந்தது. அவளுக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவர்கள் எல்லாம் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கே உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் தடவையும் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஹோட்டல் இருக்கே."

"ஹோட்டல் சாப்பாடு எனக்கு நெஞ்செரிச்சல்."

"சமைக்கக் கத்துக்கலாம்."

"இந்த வயசிலயா? ஆபீஸ்ல நாலு பேர் சிரிப்பான்."

"சிரிக்கிற நாலு பேரையும் சாப்பிடக் கூப்பிடுங்க. அப்புறம் சிரிக்க மாட்டாங்க."

வீடு பத்துபஸ்தியில். விமான நிலையத்துக்குப் பக்கம். சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் சென்னை விமானம் தலைக்கு மேல் இறங்கியது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். சத்தம் அடங்கியதும், வழக்கமாக "சரி, விருப்பமில்லைன்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்று சொல்லவேண்டியவள், கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பன்னீர்செல்வம் கடித்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். சொல்கிற பெண்டாட்டியைச் சமாளிக்கலாம். சொல்லாத பெண்டாட்டியை என்ன செய்வது?

"சந்திரா, நான் ஒண்ணு நெனச்சேன். உனக்குப் புதுசா ஒரு சமையலறை பண்ணித் தரப்போறேன். மாடுலர் கிச்சன். ராணி மாதிரி நீ நின்னு சமைக்கலாம்."

பழைய சமையலறையின் அலமாரிக் கதவுகள் அந்தமான் மழையில் ஊறியவை. மே முதல் டிசம்பர் வரை மூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை திறக்காது. பதினைந்து வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடமாக அவர் "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ராணி நின்னுகிட்டு சமைக்கிறதை எந்த நாட்டில பாத்தீங்க?" என்றாள் சந்திரமதி. பிறகு, "சரி, பண்ணுங்க" என்றாள்.

அவள் அத்தனை சுலபமாக சரி சொல்கிறவள் இல்லை. பன்னீர்செல்வம் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு மிச்ச பஜ்ஜியையும் முடித்தார்.

வேலைக்கு பிஸ்வாஸ் மிஸ்திரி வந்தார். வங்காளித் தச்சர். தமிழர்களோடு முப்பது வருடம் பழகியதில் தமிழையும் இந்தியையும் ஒரே பலகையாக இழைத்துப் பேசுவார். மூன்று வாரத்தில் மரைன் பிளைவுட்டில் பெட்டிகள் எழுந்தன. பதினான்கு கதவு, ஒன்பது டிராயர். ஓரத்துக்கெல்லாம் படாக் மரச் சட்டம். எல்லாம் முடிந்தது, கைப்பிடி மட்டும் பாக்கி. பன்னீர்செல்வம் ஆபீஸிலிருந்து வந்தபோது பிஸ்வாஸ் பென்சிலால் கதவில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன புள்ளி?"

"ஹேண்டில் ஓட்டை, சாப். பாபிஜி, டீச்சரம்மா சொல்லிட்டாங்க. நாலு இஞ்சு. சோட்டா ஹேண்டில்."

பன்னீர்செல்வத்துக்கு உச்சந்தலை சூடானது. அவர் ஓர் அரசாங்கப் பட்டறையின் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளர். இருபத்தாறு வருடம். எந்தப் படகுக்கு எந்தச் சங்கிலி, எந்தச் சங்கிலிக்கு எந்தக் கொக்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கப்பல் கேப்டன்களே அவர் வாயைப் பார்த்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில், அவரைக் கேட்காமல், கைப்பிடிக்கு அளவு.

"சந்திரா."

சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த சந்திரமதி நிமிராமல், "என்னங்க" என்றாள்.

"நாலு இஞ்சுன்னு யாரைக் கேட்டுச் சொன்னே?"

"என் கையைக் கேட்டு. எனக்குக் கை சின்னது."

"கை சின்னதுன்னா கதவு சின்னதாயிடுமா? கதவு பதினெட்டு இஞ்சு. கைப்பிடி அதுல மூணுல ஒரு பங்கு இருக்கணும். ஆறு இஞ்சு. அதுதான் கணக்கு. கணக்கு டீச்சருக்குத் தெரியாதா?"

"கதவைத் திறக்கறது கணக்கு இல்லீங்க, கை."

"கையே ஆனாலும் நாலு விரலும் உள்ள போகணும். இந்த வீட்டில பெரிய கை யாருதோ அதுக்கு அளவு எடுக்கணும். சின்னக் கை பெரிய கைப்பிடியில நுழையும். பெரிய கை சின்னக் கைப்பிடியில நுழையுமா? நான் என்ன, இந்த வீட்டு ஆளு இல்லையா? நாளைக்கு எனக்கு ஒரு டம்ளர் எடுக்கணும்னா விரலை மடிச்சு வச்சுக்கணுமா?"

சந்திரமதியின் சிவப்புப் பேனா நின்றது. அவள் நிமிர்ந்து கணவரின் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதான். உங்க கைக்கே அளவு எடுத்துடுங்க. நான் தலையிடலை" என்று சொல்லி, பேனாவை எடுத்து அடுத்த தாளுக்கு முழு மதிப்பெண் போட்டாள்.

பிஸ்வாஸ் அழிரப்பர் தேடினார்.

மறுநாள் காலை பன்னீர்செல்வம் ஆபீஸுக்கு விடுப்பு சொல்லிவிட்டு அபர்தீன் பஜாரில் முருகையாவின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். முருகையா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். யார் வந்தாலும் முதலில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டுதான் பேசுவார்.

"ஆறு இஞ்ச் கைப்பிடி. துருப்பிடிக்காதது."

"ஆறு இஞ்ச்சுன்னு ஒண்ணு கிடையாதுங்க. தொண்ணூத்தாறு, நூத்தி இருபத்தெட்டு, நூத்தி அறுபது. எல்லாம் எம்.எம்."

"இது என்ன, நீளமா?"

"நீளம் இல்லை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில உள்ள தூரம்."

"நான் கைப்பிடி வாங்க வந்திருக்கேனா, ஓட்டை வாங்க வந்திருக்கேனா?"

"ஓட்டைதாங்க முக்கியம். கைப்பிடியை எப்ப வேணும்னாலும் மாத்தலாம். கதவுல போட்ட ஓட்டையை மாத்த முடியாது. மொத்த நீளத்தைப் பாத்து வாங்கிட்டுப் போயிட்டு, பொருந்தலைன்னு எங்கிட்ட வந்து சத்தம் போடறவங்க எத்தனை பேர் தெரியுமா?"

சத்தம் போடுகிறவர்கள் பட்டியலில் தன்னையும் சேர்த்துவிட்டானே என்று பன்னீர்செல்வத்துக்குக் கோபம். இருபத்தாறு வருடம் கிடங்கு பார்த்தவனுக்கு ஓட்டைப் பாடம். அந்த ஆத்திரத்தில் பலகையில் மாட்டியிருந்த தொண்ணூற்றாறைப் பிடித்தார். "இதுல மனுஷன் விரல் நுழையுமா, பாருங்க" என்று நாலு விரலையும் திணித்துக் காட்டினார். நுழைந்தது. வெளியே வரவில்லை. கல்யாண மோதிரம் உள்ளே கொக்கி போட்டுவிட்டது.

இழுத்தார். பலகை ஆடியது. மற்றக் கைப்பிடிகள் எல்லாம் கலகலவென்று சிரிக்கிற மாதிரி ஆடின. முருகையா அவசரப்படாமல் சாமி படத்துக்கு முன்னால் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து விரலில் ஊற்றினார்.

"இதுக்குத்தாங்க, கதவுக்கும் கைப்பிடிக்கும் நடுவில எவ்வளவு சந்து இருக்குன்னும் பாக்கணும். உங்க கை தடிச்ச கை. உங்களுக்கு நூத்தி இருபத்தெட்டு. கனமான டிராயருக்கு நூத்தி அறுபது. சமையல் நீங்கதானா வீட்டில?"

"நான் எதுக்குய்யா சமைக்கணும்?"

"இல்லை, உங்க கைக்கு அளவு பாக்கறீங்களே, அதான் கேட்டேன்."

மோதிரம் கழன்று வந்த சந்தோஷத்தில் இது பன்னீர்செல்வத்தின் காதில் ஏறவே இல்லை.

கடையில் இருந்தது மாதிரிக்கு ஒவ்வோர் அளவிலும் ஒன்று. மிச்சம் மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பலில் வரவேண்டும். பத்து நாளாவது ஆகும். எந்த அளவில் எத்தனை என்று சரியாகச் சொன்னால் ஆர்டர் போட்டுவிடுவேன், வந்த பிறகு மாற்றிக் கேட்கக்கூடாது என்றார் முருகையா. மாதிரி மூன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு, கை முழுக்க எண்ணெயோடு பன்னீர்செல்வம் வீடு வந்தார்.

சந்திரமதி அன்றைக்குச் சீக்கிரமே பள்ளியிலிருந்து வந்திருந்தாள். மூன்று மாதிரியையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த டிராயருக்கு எதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? எடையைப் பொறுத்துத்தானே?"

"பின்னே? அதுதான் கணக்கு."

"அப்ப எந்த டிராயர்ல என்ன வைக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிடுங்க. கிடங்கு வச்சு நடத்தறவர். எனக்கு அது வராது."

அது வரையில் இந்த வீட்டில் அவருடைய கிடங்கு அறிவை யாரும் மதித்துக் கேட்டதில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டு இறங்கினார். தொங்கு தராசு வந்தது. அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, எண்ணெய், தோசைக்கல், குக்கர், அம்மிக்குழவி எல்லாம் கொக்கியில் ஏறி இறங்கின. மல்லித்தூளும் சாம்பார்தூளும் அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. முகர்ந்து பார்த்து, தும்மி, வித்தியாசம் கற்றுக்கொண்டு சீட்டு ஒட்டினார். இப்படிப் பெயர் இல்லாமல் பொருளை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இவள் எப்படிச் சமைத்தாள் என்று அவருக்கு ஒரே ஆத்திரம். எது எங்கே என்று நோட்டில் வரிசை எண் போட்டு எழுதினார். எந்த அளவில் எத்தனை என்று முருகையாவுக்கும் போனில் சொன்னார்.

மறுநாள் மாதிரிக் கைப்பிடிகளை பிஸ்வாஸ் மூன்று டிராயரில் தற்காலிகமாக மாட்டிக் கொடுத்தார். பன்னீர்செல்வம் திறந்து மூடினார். திருப்தி.

"உலர்ந்த கையில திறக்கறீங்க" என்றாள் சந்திரமதி, தாள்களுக்கு நடுவிலிருந்து. "சமையலறையில யார் கை உலர்ந்திருக்கும்? ஈரக் கையில வழுக்குமா?"

அரிசி களைந்தார். ஈரக் கையோடு திறந்தார். நூற்று இருபத்தெட்டு தேறியது.

"களைஞ்ச அரிசியை என்ன பண்றது?" என்று கேட்டார்.

"உலையில போடுங்க. வீணாக்க முடியாது. ஒண்ணுக்கு ஒண்ணரைத் தண்ணி, மூணு விசில்."

மூன்றாம் நாள் மாவுக் கை. பிசைந்த மாவு சப்பாத்தி ஆகாமல் என்ன ஆகும்? முதல் சப்பாத்தி இலங்கை மாதிரி வந்தது. இரண்டாவது ஆஸ்திரேலியா. "அடுப்பைக் குறைச்சு வைங்க" என்றாள் சந்திரமதி, நிமிராமல். எட்டாவது கிட்டத்தட்ட நிலா.

நாலாம் நாள் எண்ணெய்க் கை. ஆறாம் நாள் மீன் கை. ஜங்லிகாட் மார்க்கெட்டிலிருந்து சூரை மீன் வாங்கி, கழுவி, துண்டு போட்டு, அந்தக் கையோடு நூற்று அறுபதைப் பிடித்தார். வழுக்கியது. நோட்டில் எழுதினார்: "160, மீன் கை, வழுக்கல். குழம்பு கொதிக்கும்போது மறுசோதனை."

பாதியில் நிறுத்தினால் சோதனை ஆகாது என்பது சந்திரமதியின் கட்சி. தாளிக்கிற அவசரத்தில்தான் கைப்பிடியின் குணம் தெரியும் என்றாள். அதில் நியாயம் இருந்தது. கடுகு வெடிக்கிறபோது பெருங்காய டிராயர் சட்டென்று திறக்கவில்லை. சாம்பார் தீய்ந்தது. கதவோரத்தில் நின்று சாப்பிட்டுப் பார்த்த பிஸ்வாஸ், "சாப், நமக் கம்தி. ஜல் பி கயா" என்றார்.

"உப்பு கம்மின்னா அதுக்கு நான் என்ன பண்றது? உப்பும் பெருங்காயமும் இருக்கற டிராயர்ல தொண்ணூத்தாறு. விரல் நுழையலை. தீஞ்சது கைப்பிடியால. இந்தத் தொண்ணூத்தாறை எவன் கண்டுபிடிச்சான்? அவன் வீட்டில சமைச்சிருப்பானா?"

அன்றே முருகையாவுக்குப் போன் போட்டுத் தொண்ணூற்றாறை ஒன்றுகூட வேண்டாம் என்று சொன்னார். மறுநாள் அதே சாம்பாரைத் திரும்பவும் வைத்தார், நூற்று இருபத்தெட்டில். தீயவில்லை. பிஸ்வாஸ் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் அளவு சரி என்று நிரூபணமான பெருமையில் பன்னீர்செல்வத்துக்கு அன்று ராத்திரி தூக்கம் பிரமாதமாக வந்தது.

கப்பல் பத்து நாளில் வரவில்லை. கடல் சரியில்லை. பதினேழு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் கப்பலைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு சோதனை. ரசம். கூட்டு. கத்திரிக்காய் வதக்கல். இட்லிக்கு ஆட்டிய மாவை வழித்துப் போடுகிற கையோடு ஒரு நாள். தோசைக்கரண்டியை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் திறப்பது ஒரு நாள். சந்திரமதி மேஜையில் இருந்தபடி ஒவ்வொரு கேள்வியாகப் போட்டாள். தட்டு வைத்தால் சாப்பிட்டாள். "புளி கொஞ்சம் தூக்கல். கைப்பிடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்" என்பாள். சம்பந்தம் இல்லாவிட்டால் என்ன, விடுவாரா? மறுநாள் புளியைக் குறைத்தார்.

கைப்பிடிகள் வந்து இறங்கின. எந்த உயரத்தில் மாட்டுவது என்று பிஸ்வாஸ் கேட்டார். "என்னைக் கேட்காதீங்க, சாபைக் கேளுங்க" என்றாள் சந்திரமதி. சாப் நிமிர்ந்து நின்று தன் தலைக்கு மேலே கை நீட்டிக் காட்டினார். மேல் கதவுகளின் கைப்பிடிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வந்தன. சந்திரமதி குதிகாலைத் தூக்கி எக்கி ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"எட்டலைன்னா ஸ்டூல் வாங்கித் தர்றேன்" என்றார் பன்னீர்செல்வம் பெருந்தன்மையாக.

"எனக்கு எதுக்குங்க ஸ்டூல்" என்றாள் அவள்.

எல்லாம் முடிந்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. புதுச் சமையலறையின் அருமை அவளுக்குத் தெரியவேண்டும் என்று பன்னீர்செல்வமே சமைத்துக் காட்டினார். டிராயர் ஒவ்வொன்றும் அவர் விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. கடுகு, பெருங்காயம், உப்பு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்தன. முக்கால் மணி நேரத்தில் சோறு, மீன் குழம்பு, ரசம், கூட்டு. சந்திரமதி கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு, விரலை நக்கி, எழுந்து கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நல்லாருந்துது. எங்க அம்மா குழம்பு மாதிரி."

"இப்படி ஒரு சமையலறையை விட்டுட்டு யாராவது மாயாபந்தர் போவாங்களா?" என்றார் பன்னீர்செல்வம். இத்தனை நாளும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை போறேன்."

"எங்க?"

"மாயாபந்தருக்கு. திங்கக்கிழமை வேலையில சேரணும்."

பன்னீர்செல்வம் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"சம்மதம்னு எழுதிக் கொடுத்து மூணு வாரம் ஆச்சுங்க. நீங்க முருகையா கடைக்கு அளவெடுக்கப் போனீங்களே, அன்னிக்கு. அதுக்குத்தான் சீக்கிரம் வந்தேன்."

"அப்ப இந்தச் சமையலறை? யாருக்காகடி இத்தனையும் பண்ணேன்?"

"அதைத்தான் நானும் பாத்தேன். கைப்பிடி உங்க கைக்கு. உயரம் உங்க தலைக்கு. சாமான் உங்க கணக்குக்கு. நேத்து ஜீரகம் எங்க இருக்குன்னு தெரியாம உங்க நோட்டைப் பாத்தேன். என் கைக்கு இதுல எதுவும் பொருந்தலைங்க. என் கை எட்டாத சமையலறையில நான் இருந்து என்ன பண்றது?"

"அநியாயம் சந்திரா. இது பச்சை அநியாயம். ஏமாத்திட்டே."

"எதுல ஏமாத்தினேன்? ஒரு அளவாவது நான் சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தார். ஒரே ஒரு அளவு சொன்னாள். அதையும் அவரே அழிக்கச் சொன்னார்.

"ரெண்டு தடவை நீங்க சாப்பாடுன்னு சொன்னப்ப நான் நின்னேன்" என்றாள் சந்திரமதி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரெண்டு தடவையும் ராத்திரி அழுதேன். உங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை உங்களைப் பட்டினி போட்டுட்டுப் போகவும் மனசு வரலை. அதான் கத்துக்கொடுத்துட்டுப் போறேன்."

பதில் தெரியாதபோது பன்னீர்செல்வத்துக்குக் கோபம்தான் வரும். "நான் இனிமே இந்தச் சமையலறைக்குள்ள காலே வைக்க மாட்டேன். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன். இது சத்தியம்" என்றார்.

"சரிங்க" என்றாள் சந்திரமதி. பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். பீரோவிலிருந்து புடவைகள் வந்தன. அவர் வாசல் வரை போனார். திரும்பி வந்தார். அவள் நிமிரவில்லை. இன்னொரு புடவையை மடித்து வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை பஸ் விடியக்காலை நாலு மணிக்கு" என்றாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "ஜிர்காடாங் கேட்டில, காட்டுப் பாதை திறக்கற வரைக்கும் வரிசையில நிக்கணும். போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும். வழியில ஒண்ணும் நல்லா கிடைக்காது. பரவாயில்லை, பிஸ்கட் வாங்கிக்கறேன்."

பன்னீர்செல்வம் கொடுத்த சத்தியத்தை நினைத்துக்கொண்டார். பிஸ்கட்டாம். பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்கு பிஸ்கட். ஒரு தலைமையாசிரியை, மடியில் பிஸ்கட் பொட்டலத்தோடு போய் இறங்கினால் ஊர் யாரைப் பேசும்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"புளிச்சோறா, எலுமிச்சஞ்சோறா?" என்று கேட்டார்.